சிவப்புப் புள்ளி பக்கத்துப் பொருளில் நிற்கிறதா? ஐ டிராக்கர் கண்ணாடிக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஒரு பெண்மணி, ஆள் எங்கே பார்க்கிறார் என்று பதிவு செய்யும் ஐ டிராக்கர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மளிகை அலமாரி முன்னால் நிற்கிறார். கை நீட்டி சாம்பார்ப் பொடி பாக்கெட்டை எடுக்கிறார். பதிவைப் போட்டுப் பார்த்தால், கை நீளும் முன்பே, பார்வை விழுந்த இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி பக்கத்தில் இருக்கும் ரசப் பொடியில் போய் நிற்கிறது. எங்கள் மென்பொருளும் "பார்த்தது: ரசப் பொடி" என்று எழுதி வைத்திருக்கிறது. பொருளை அடையாளம் காணும் மாடல்தான் மக்கு என்று முடிவுகட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து அதற்கு மறுபடி படம் காட்டிப் பழக்கினோம். மாடல் மேல் ஒரு தப்பும் இல்லை. புள்ளி இருந்த இடத்தில் இருந்தது ரசப் பொடிதான், அதைத்தான் அது சொன்னது. கண்ணாடி மூக்கில் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் பின்னாலிருந்து முன்னால் தேடுவதை விட்டுவிட்டேன். இந்தக் கருவியில் வேலை ஒரு சங்கிலி மாதிரி நடக்கிறது. கண் கேமரா கண்ணைப் படம் எடுக்கிறது. அந்தப் படத்தில் மென்பொருள் பாவையை, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தை, தேடுகிறது. பாவை இருக்கும் இடத்தை, நெற்றிப் பக்கமுள்ள காட்சிக் கேமராவின் படத்தில் ஒரு புள்ளியாக மாற்றுகிறது. அந்தப் புள்ளியின் கீழ் என்ன பொருள் என்று கடைசியில் பெயர் வைக்கிறது. கோளாறு நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் கடைசிக் கண்ணியில், அது பிறந்தது முதல் கண்ணியில். அதனால் எந்த அறிகுறியோடு வந்தாலும் முதலில் கண் கேமராவின் படத்தைத் திறந்து பாருங்கள். நான் பார்த்த வரை பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

கண்ணில் மாட்டும் கருவிகளைப் பற்றி மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். திரைக்குக் கீழே ஒட்டும் டிராக்கர் வேறு கதை.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

இந்தத் துறையில் பிழையை சென்டிமீட்டரில் சொல்வதில்லை, டிகிரியில் சொல்வார்கள். கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்கள். அந்த விரலின் அகலம் ஏறக்குறைய 2 டிகிரி. நாம் கூர்மையாகப் பார்க்கும் பகுதியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1 டிகிரி என்பது 57 சென்டிமீட்டர் தூரத்தில் 1 சென்டிமீட்டர், 1 மீட்டரில் 1.75, 3 மீட்டரில் 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்கு தெரியாமல் பிழை தேட இறங்கினால் பிழையே இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். ஒன்றரை டிகிரி பிழை உள்ள கருவி ஒன்றரை மீட்டர் தூரத்தில் 4 சென்டிமீட்டர் வரை தள்ளிக் காட்டும். பாக்கெட்டின் அகலம் 8 சென்டிமீட்டர் என்றால், அதன் ஓரத்தைப் பார்த்தவரின் புள்ளி அடுத்த பாக்கெட்டில் விழுவது கோளாறே கிடையாது, கருவியின் எல்லை அது. திரையில் தெரியும் அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளி ஒரு பொய். அங்கே வரைய வேண்டியது ஒரு வட்டம்.

புள்ளி வரவே இல்லை, அல்லது வந்து வந்து மறைகிறது

பாவை சிக்கவில்லை என்று அர்த்தம். கண் இமைக்கும்போது புள்ளி மறையத்தான் செய்யும். ஒரு இமைப்பு 0.1 முதல் 0.4 நொடி வரை நீளும், அதைக் கணக்கில் விட்டுவிடுங்கள். அதற்கும் மேலே போனால் கண் படத்தைப் பாருங்கள்.

படம் எப்படி இருக்க வேண்டும்? இந்தக் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியில் எடுக்கின்றன. நம் ஊர்க் கண்களில் கருவிழி அடர்ந்த பழுப்பு, பாவை கறுப்பு. சாதாரணக் கேமராவில் எடுத்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அகச்சிவப்பை அந்தப் பழுப்பு நிறமி அவ்வளவாக விழுங்குவதில்லை, அதனால் கருவிழி வெளிர் சாம்பலாகிவிடும், நடுவே பாவை மட்டும் கன்னங்கரேலென்று நிற்கும். அந்தக் கறுப்பு வட்டத்தைத்தான் மென்பொருள் தேடுகிறது. படத்தில் அதைவிடப் பெரிய கறுப்பு ஏதாவது இருந்தால் அதன் பின்னால் போய்விடும்.

அப்படிப் போக வைப்பதில் நம் ஊரில் முதல் இடம் கண்மைக்கு. மையில் இருக்கும் கரி அகச்சிவப்பிலும் கறுப்புதான். கீழிமையில் இட்ட மை ஒரு நீளக் கறுப்புக் கோடாகத் தெரியும், பாவையைச் சுற்றி வரவேண்டிய நீள்வட்டம் அந்தக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். மஸ்காரா போட்ட இமைமயிரும் இதே வேலையைச் செய்யும். வருபவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுவது நல்லது. வந்தபிறகு பஞ்சைக் கொடுத்து "கொஞ்சம் துடைச்சுக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டால் துடைத்த மை இமை முழுக்கப் பரவி, முன்பைவிட மோசமாகும். நான் கேட்டிருக்கிறேன், அனுபவித்தும் இருக்கிறேன்.

அடுத்தது வெயில். சூரிய ஒளியில் அகச்சிவப்பு தாராளமாக இருக்கிறது, கண்ணுக்கு அகச்சிவப்பு அடிக்கும் கருவியின் சின்ன எல்இடி அதனோடு போட்டி போட முடியாது. கண் படம் வெளுத்துப் போகும், புருவத்தின் நிழல் கண்ணில் விழும், போதாததற்கு ஆளும் கண்ணைச் சுருக்கிக்கொள்வார். அகச்சிவப்பைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடித் துண்டை முன்னால் மாட்டலாம், அகல விளிம்புத் தொப்பி போடலாம், இல்லையென்றால் காலை, மாலையில் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளும் குண்டு பல்பும் விளக்குத் திரியும் அகச்சிவப்பைக் கொட்டும். டியூப் லைட்டும் எல்இடி விளக்கும் சாது.

மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் வந்தால் நிலைமை கருவியைப் பொறுத்தது. கேமரா சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகையில், எல்இடியின் பிரதிபலிப்பு கண்ணாடி வில்லையில் வெள்ளைப் பொட்டாக விழுந்து பாவையை மறைக்கும். கேமராவை வில்லைக்குக் கீழே கொண்டுபோய் மேல்நோக்கிப் பார்க்கவைத்தால் சில சமயம் தப்பிக்கலாம். சில கருவிகளுக்குப் பவர் வில்லைகளைத் தனியாகப் பொருத்திக்கொள்ள வழி இருக்கிறது, அதுதான் உருப்படியான தீர்வு. இரண்டு பவர் கண்ணாடி போட்டவர் என்றால் நான் அவரை ஆய்வில் சேர்ப்பதற்கு முன் இரண்டு முறை யோசிப்பேன். சாதாரண கான்டாக்ட் லென்ஸ் பெரும்பாலும் தொல்லை தராது. கெட்டி லென்ஸின் விளிம்பு மட்டும் படத்தில் கோடு போடும்.

வயதானவர்களுக்கு மேலிமை தளர்ந்து பாவையைப் பாதி மூடியிருக்கும், கீழே பார்க்கும்போது முழுதும் மூடிவிடும். கண்ணை அகலத் திறக்கச் சொல்லாதீர்கள். பாவம், இரண்டு நிமிடம் திறப்பார், அப்புறம் மறந்துவிடுவார். கேமராவைத்தான் கீழே இறக்க வேண்டும்.

ஒவ்வொரு பாவைக் கணிப்புக்கும் மென்பொருள் ஒரு நம்பக மதிப்புத் தரும், 0 முதல் 1 வரை. மோரிட்ஸ் காஸ்னர், வில்லியம் பட்டேரா, ஆண்ட்ரியாஸ் புல்லிங் மூவரும் 2014-ல் அறிமுகப்படுத்திய, மென்பொருளைத் திறந்து வைத்திருக்கும் பியூப்பில் வகைக் கருவிகளில் 0.6-க்குக் கீழே போனதைத் தள்ளிவிடுவது வழக்கம். ஆளைக் கண்ணை மேல், கீழ், இடம், வலம் என்று நன்றாக உருட்டச் சொல்லி அந்த மதிப்பைப் பாருங்கள். நேரே பார்க்கையில் 0.9 காட்டி, வலது மூலைக்குப் போனதும் 0.3-க்கு விழுந்தால் கேமராவின் கோணம்தான் தப்பு. இந்தச் சோதனை செய்யாமல் நான் இப்போது பதிவே தொடங்குவதில்லை.

காலிப்ரேஷன் முடியவே மாட்டேன் என்கிறது

காலிப்ரேஷன் என்பது, ஆளை ஒரு குறியைப் பார்க்கச் சொல்லி, பாவை எங்கே இருந்தால் பார்வை எங்கே என்று கருவிக்குக் கற்றுக்கொடுப்பது. அது முடியவில்லை என்றால் பெரும்பாலும் காட்சிக் கேமராவுக்குக் குறி தெரியவில்லை. பளபளப்புத் தாளில் அச்சடித்திருந்தால் மேல் விளக்கு அதில் பளிச்சிடும். சாதாரணத் தாளில் அச்சடியுங்கள். இன்னொன்று, திரையில் ஒரு குறி, மேசையில் ஒரு குறி என்று இரண்டு ஒரே நேரத்தில் கேமராவில் பட்டால் எது என்று அதற்குப் புரியாது. தாளைக் கவிழ்த்து வையுங்கள்.

எங்கே பார்த்தாலும் புள்ளி ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளி நிற்கிறது

அறிகுறிகளிலேயே நல்ல அறிகுறி இது. நிதானமாக இருக்கும் பிழையைக் கழித்துவிடலாம்.

நம் கண்ணின் வடிவ அச்சும் நாம் உண்மையில் பார்க்கும் கோடும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே சுமார் 5 டிகிரி வித்தியாசம் இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறும். காலிப்ரேஷன் என்று நாம் செய்வதில் பாதி வேலை இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்வதுதான். அதனால்தான் ஒருவருக்குச் செய்த காலிப்ரேஷனை அடுத்தவருக்குப் போட்டால் புள்ளி அழகாக, மாறாமல், தப்பான இடத்தில் நிற்கும். "நேரம் ஆகிறது, பழையதையே வைத்து ஓட்டுவோம்" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம்.

2023-ல் வந்த நியான் மாதிரி, காலிப்ரேஷனே வேண்டாம் என்று சொல்லும் கருவிகளும் இருக்கின்றன. அவற்றிலும் ஆளுக்கேற்ற விலகலைத் திருத்த ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். ஆளை ஒரு சின்னப் பொருளைப் பார்க்கச் சொல்லி, புள்ளியை விரலால் இழுத்து அதன் மேல் வைத்தால் போதும். அரை நிமிட வேலை. காலிப்ரேஷன் வேண்டாம் என்று எழுதியிருக்கிறதே என்று அதையும் விட்டுவிடுபவர்கள்தான் பிறகு இந்த அறிகுறியோடு வருகிறார்கள்.

நடுவில் சரியாக இருக்கிறது, ஓரங்களில் கண்டபடி போகிறது

காலிப்ரேஷனின்போது எவ்வளவு பரப்பைக் காட்டினீர்களோ அதற்கு உள்ளேதான் கருவிக்குத் தெரியும். 15 அங்குலத் திரையில் ஐந்து புள்ளி காட்டிவிட்டு, தரையிலிருந்து தலைக்கு மேல் வரை நீளும் அலமாரி முன்னால் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினால் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் அது ஊகம் செய்யும். வேலை நடக்கப்போகும் இடத்திலேயே, அந்த அகலத்துக்கே காலிப்ரேஷன் செய்யுங்கள். ஒரே குறியைச் சுவரில் ஒட்டி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் மெல்ல வட்டமாகச் சுற்றச் சொன்னால் அகலப் பரப்பு முழுதும் ஒரே வீச்சில் கிடைத்துவிடும். "கண்ணு அங்கேயே இருக்கட்டும், மூக்கால ஒரு வட்டம் போடுங்க" என்று சொல்வேன், உடனே புரிந்துகொள்வார்கள்.

ஆரம்பத்தில் சரி, போகப் போக நகர்ந்துவிடுகிறது

என் சாம்பார்ப் பொடிக்காரி. கண்ணாடி வழுக்குவதுதான் இது, இந்தத் துறையின் தலையாய எதிரி.

ஒரு மில்லிமீட்டர் வழுக்கினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். கண் உருண்டையின் குறுக்களவு சுமார் 24 மில்லிமீட்டர். அது சுழலும் மையத்துக்கும் பாவைக்கும் நடுவே ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். பாவை படத்தில் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், கண் 5 டிகிரிக்கும் மேல் திரும்பிவிட்டது என்று எளிய கணிப்பு முறை நினைத்துக்கொள்ளும். கண் அசையவே இல்லை, கேமராதான் அசைந்தது. அது முறைக்குத் தெரியாது. ஒரு மீட்டர் தூரத்தில் 5 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். ஒரு பாக்கெட் தள்ளிப் போவதற்கு அது தாராளம்.

வழுக்குகிறதா என்று எப்படி உறுதி செய்வது? பதிவின் முதல் நிமிடத்துக் கண் படத்தையும் கடைசி நிமிடத்துக் கண் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாவையைப் பார்க்காதீர்கள், அது எப்படியும் நகரும். கண்ணின் உள்மூலையைப் பாருங்கள். அது எலும்போடு இருப்பது, நகரக் கூடாது. அந்த மூலை படத்தில் இடம் மாறியிருந்தால் கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

காரணங்கள் சில்லறையானவை. வியர்வை. காதுக்கு மேலே தலைமுடியில் எண்ணெய். சிரிக்கும்போது கன்னம் மேலே எழும்பிச் சட்டத்தைத் தூக்கும், பேசும்போதும் அப்படியே. கணினிக்குப் போகும் கேபிளின் கனம் பின்னாலிருந்து மெல்ல இழுக்கும். அதைச் சட்டைக் காலரில் ஒரு கிளிப் போட்டு, தலை திரும்ப இடம் விட்டு நிறுத்துங்கள். எல்லாவற்றையும்விட, ஆள் தானாகவே கண்ணாடியை விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொள்வார். மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்கு அது பழக்கம், அவர்களுக்கே தெரியாமல் செய்வார்கள். தலைக்குப் பின்னால் பட்டை கட்டுங்கள். தொட்டுவிட்டால் சொல்லுங்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், திட்ட மாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மென்பொருள் பக்கத்திலும் ஒரு வழி உண்டு. பாவையின் இடத்தை மட்டும் பார்க்கும் இருபரிமாண முறைக்குப் பதிலாக, கண்ணை ஒரு உருண்டையாகக் கட்டிப் பார்க்கும் முப்பரிமாண முறைக்கு மாறலாம். உருண்டையே நகர்ந்ததை அது கண்டுபிடித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இதற்கு விலை இருக்கிறது: தலை அசையாத நல்ல சூழலில் இருபரிமாண முறை 1 டிகிரிக்கும் குறைவான பிழையில் நிற்கும், முப்பரிமாணத்தில் அது 1.5 முதல் 2.5 வரை போகும். உட்கார்ந்த வேலை என்றால் முதலாவது, நடமாடும் வேலை என்றால் இரண்டாவது என்று நான் வைத்திருக்கிறேன். முப்பரிமாண முறை சரியாகக் கட்டப்பட, தொடக்கத்தில் கண்ணை எல்லாப் பக்கமும் உருட்ட வைத்திருக்க வேண்டும்.

எந்த முறையானாலும் சரி, பதிவின் நடுவிலும் முடிவிலும் தெரிந்த ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆளின் கட்டைவிரல் நகத்தையே பார்க்கச் சொல்லலாம், அதைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. தொடக்கத்தில் மட்டும் சோதித்தால் தொடக்கம் சரி என்றுதான் தெரியும்.

ஒரு தூரத்தில் சரி, இன்னொரு தூரத்தில் தப்பு

காட்சிக் கேமரா கண்ணில் இல்லை, கண்ணுக்கு மேலே இருக்கிறது. அந்த இடைவெளி 3 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 1 மீட்டரில் இருக்கும் பொருளுக்குக் கண்ணின் கோணமும் கேமராவின் கோணமும் 1.7 டிகிரி மாறும். 30 சென்டிமீட்டரில் இருக்கும் பொருளுக்கு 5.7 டிகிரி. நீங்கள் 1 மீட்டரில் காலிப்ரேஷன் செய்தால் கருவி 1.7-ஐ மட்டும்தான் கற்றுக்கொள்ளும். கையிலுள்ள பாக்கெட்டின் விலையை ஆள் படிக்கும்போது புள்ளி 4 டிகிரி மேலேயோ கீழேயோ போகும். தூரப் பக்கம் இவ்வளவு மோசமில்லை: 3 மீட்டரில் பிழை 1 டிகிரிக்குச் சற்று மேல்தான்.

ஆகவே இரண்டு தூரத்தில் வேலை நடக்கும் என்று தெரிந்தால், எது முக்கியமோ அந்தத் தூரத்தில் காலிப்ரேஷன் செய்யுங்கள். இரண்டும் முக்கியம் என்றால் இரண்டு தூரத்திலும் புள்ளிகளைக் காட்டுங்கள். பிழை எப்போதும் மேலும் கீழுமாக மட்டும் வந்து, இடம் வலமாக வரவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

புள்ளி சரியான இடத்துக்கு வருகிறது, ஆனால் லேட்டாக

இது நேரக் கோளாறு. கண்டுபிடிக்க ஒரு அருமையான சோதனை இருக்கிறது, செலவே இல்லாதது. ஆளைச் சுவரிலுள்ள ஒரு பொட்டை விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துக்கொண்டே "இல்லை" என்பதுபோல் தலையை இடம் வலமாக ஆட்டச் சொல்லுங்கள். தலை ஒரு பக்கம் போனால் கண் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும், பார்வை பொட்டிலேயே நிற்கும். உள்காதும் மூளைத்தண்டும் சேர்ந்து நம்மைக் கேட்காமலே இதைச் செய்துவிடும். பதிவில் புள்ளி பொட்டின் மேல் பசை போட்ட மாதிரி நின்றால் எல்லாம் நலம். தலை ஆடும்போது மட்டும் புள்ளி பொட்டின் இரு பக்கமும் ஊஞ்சலாடினால் கண் கேமராவும் காட்சிக் கேமராவும் ஒரே கடிகாரத்தில் இல்லை. தலை நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் திரும்பும்போது 0.05 நொடி தாமதம் 5 டிகிரி பிழையாகிவிடும்.

ஊஞ்சல் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் தாமதம் நிலையானது. நேரத்தில் ஒரு மாறா எண்ணைக் கூட்டியோ கழித்தோ சரிசெய்யுங்கள். ஆடும் அளவு கூடிக் குறைந்தால் கணினி ஃபிரேம்களை, அதாவது காணொளியின் தனித்தனிப் படங்களை, தவற விடுகிறது. இரண்டு கண் கேமரா, ஒரு காட்சிக் கேமரா என்று மூன்றையும் ஒரே மலிவான யூஎஸ்பி ஹப்பில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இன்னொரு வகை உண்டு, என்னை மிகவும் படுத்தியது அதுதான். கருவியின் சொந்த மென்பொருளில் பார்த்தால் புள்ளி சரியாக நிற்கும். நீங்கள் எழுதிய பைத்தான் நிரலில் பார்த்தால் தொடக்கத்தில் சரி, பத்தாவது நிமிடத்தில் ஒரு நொடி பின்தங்கியிருக்கும். காரணம், காட்சிக் காணொளியின் ஃபிரேம்கள் சம இடைவெளியில் எடுக்கப்பட்டவை அல்ல. நொடிக்கு 30 என்று பெயர், உண்மையில் ஒன்று சீக்கிரம் வரும், ஒன்று தாமதமாக வரும். ஃபிரேம் எண்ணை 30-ஆல் வகுத்து நேரம் கணக்கிட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எடுத்த நேரம் தனிக் கோப்பில் இருக்கும், அதைப் படித்து இணையுங்கள். அந்தக் காணொளியை எடிட்டிங் மென்பொருளில் போட்டு வெட்டி எடுத்துவிட்டால் அந்த நேரங்களெல்லாம் அர்த்தமிழந்துவிடும்.

ஒரே பொருளை நீண்ட நேரம் பார்த்தார், கணக்கில் பத்துத் துண்டாக வருகிறது

பார்வை ஒரு இடத்தில் நிற்பதை நிலைப்பார்வை என்றும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டுவதைத் தாவல் என்றும் பிரிப்பார்கள். வேகத்தை வைத்துப் பிரிக்கும் முறையில், திரை முன் அசையாமல் உட்கார்ந்தவர்களுக்கு நொடிக்கு 30 டிகிரி என்ற எல்லை பழக்கத்தில் இருக்கிறது. கண்ணாடி வகைக்கு அது ஒத்துவராது. மேலே சொன்ன தலையாட்டலில் பார்வை ஒரே பொட்டில் நின்றாலும் கண் வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது அல்லவா? அதைத் தாவல் என்று எண்ணித் துண்டாக்கிவிடும். நடமாடும் பதிவுகளுக்கு, ஐ டிராக்கர் செய்யும் டோபி நிறுவனம் தன் மென்பொருளில் வைத்திருக்கும் வடிகட்டி 100 டிகிரி எல்லையைப் பயன்படுத்துகிறது, அங்கிருந்து தொடங்கலாம். நிலைப்பார்வைக்கு அதிகபட்ச கால அளவு என்று ஒரு அமைப்பு இருந்தால் அதையும் பாருங்கள். அது சின்னதாக இருந்தால் நீண்ட பார்வையை மென்பொருளே சம துண்டுகளாக நறுக்கி வைக்கும்.

புள்ளி சரி, பொருளின் பெயர்தான் தப்பு

இங்கே வந்துவிட்டீர்கள் என்றால், மேலே உள்ளதெல்லாம் சோதித்தாயிற்று என்று நம்புகிறேன்.

தயாராகக் கிடைக்கும் மாடலை எடுத்துப் போட்டீர்களா? அவற்றில் பல, 2014-ல் வெளியான கோகோ படத்தொகுப்பின் 80 வகைகளில் பழகியவை. அந்த 80-ல் வாழைப்பழம் உண்டு, கேரட் உண்டு, பீட்சாவும் டோனட்டும் உண்டு. வெங்காயம் இல்லை, தக்காளி இல்லை, தேங்காயும் இல்லை. தேங்காயைக் காட்டினால் அது தனக்குத் தெரிந்ததில் ஒன்றைச் சொல்லும், அல்லது அங்கே எதுவுமே இல்லை என்று சாதிக்கும். உங்கள் பொருள்களை, அந்தக் காட்சிக் கேமராவின் படங்களிலேயே காட்டிப் பழக்க வேண்டும். போனில் எடுத்த பளிச்சென்ற படங்களில் பழகியது, தலை திரும்பும்போது மங்கி இழுபடும் படங்களில் தடுமாறும்.

பொருள்கள் இடம் மாறாத அலமாரி என்றால் மாடலே வேண்டாம் என்பேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஓல்சன் 2011-ல் வெளியிட்ட ஏப்ரில்டேக் என்ற கறுப்பு வெள்ளைக் கட்டக் குறிகளை மூலைகளில் ஒட்டி, எந்தக் கட்டம் எந்தப் பொருள் என்று ஒருமுறை வரைந்துவிட்டால் போதும். குறி பிடிபடவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். முதலாவது, சுற்றியுள்ள வெள்ளை விளிம்பை அழகுக்காக வெட்டி எறிந்திருப்பீர்கள், அது அவசியம். இரண்டாவது அளவு. 95 டிகிரி அகலத்தை 1920 பிக்சலில் காட்டும் கேமராவில் ஒரு டிகிரிக்கு 20 பிக்சல். 5 சென்டிமீட்டர் குறியை 2 மீட்டரில் வைத்தால் அது சுமார் 28 பிக்சல்தான். வழக்கமான வகையில் கறுப்பு விளிம்போடு சேர்த்து வரிசைக்கு 8 கட்டம், ஒரு கட்டத்துக்கு மூன்றரை பிக்சல். தலை கொஞ்சம் ஆடினாலும் போச்சு. இரண்டு மடங்கு பெரிதாக அச்சடியுங்கள்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: புள்ளியின் கீழ் என்ன இருக்கிறது என்று கேட்பதையே நிறுத்துவது. சோதனையில் வந்த பிழையை ஆரமாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் எந்தப் பொருள் எவ்வளவு பரப்பில் விழுகிறது என்று பங்கு பிரியுங்கள். சாம்பார்ப் பொடி 55, ரசப் பொடி 45 என்று வந்தால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். ஆய்வு கேட்டவர் முகம் சுளிப்பார்தான். அடுத்த முறை பாக்கெட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கச் சம்மதிப்பார்.

எடுத்தது ஒன்று, எடுக்கும் நொடியில் பார்த்தது வேறொன்று

இதைப் பிழை என்று நினைத்துக் காலிப்ரேஷனைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். மைக்கேல் லேண்ட் குழுவினர் இங்கிலாந்தில் தேநீர் போடுபவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 1999-ல் வெளியிட்டார்கள். கை வேலையைத் தொடங்குவதற்கு ஏறக்குறைய அரை நொடி முன்பே கண் அந்தப் பொருளுக்குப் போய்விடுகிறது. கை முடிப்பதற்கு அரை நொடி முன்பே அடுத்த பொருளுக்குக் கிளம்பியும் விடுகிறது. பாக்கெட் கைக்கு வந்த நொடியில் கண் கூடையில் இருந்தால் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். எதைப் பார்த்து எடுத்தார் என்று அறிய, கை தொட்ட நொடியிலிருந்து கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள்.

எதிர்மாறாகவும் நடக்கும். புள்ளி தள்ளுபடிப் பலகையில் ஒரு நொடி முழுக்க நிற்கும். கேட்டால் "அப்படி ஒரு போர்டே பார்க்கலையே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கண் அங்கே இருந்தது, மனசு வேறெங்கோ. இதற்குக் கருவியில் திருகு எதுவும் இல்லை.

எல்லாம் முடிந்த பின்தான் கோளாறு தெரிந்தது

கண் கேமராவின் மூலக் காணொளியை வைத்திருக்கிறீர்களா? இடம் அடைக்கிறது என்று அதை முதலில் அழிப்பவர்கள் உண்டு. அது இருந்தால் பாவை கண்டுபிடிப்பையும் காலிப்ரேஷனையும் பதிவுக்குப் பிறகும் மறுபடி ஓட்டலாம், திறந்த மென்பொருள்களில் அதற்கு வசதி இருக்கிறது. அதில் ஆளின் கண்ணும், காட்சிக் காணொளியில் வழியில் போனவர்களின் முகமும் இருப்பதால் இரண்டையும் பூட்டி வையுங்கள், ஆனால் வையுங்கள். சாம்பார்ப் பொடிப் பதிவை நாங்கள் அப்படித்தான் முப்பரிமாண முறையில் மறுபடி ஓட்டினோம். புள்ளி ஒரு பாக்கெட் இடம்பெயர்ந்து சாம்பார்ப் பொடிக்கு வந்தது, வட்டத்தின் ஓரம் மட்டும் இன்னும் ரசப் பொடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.